போலீஸ் தேர்வுக்குள் இருக்கும் இன்னொரு வேலை: கடலூர், சிதம்பரத்தில் தீயணைப்போர் பணி எப்படி இருக்கும்?

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு அறிவிப்பு வந்தாலே எல்லோர் கண்ணும் 'காவலர்' என்ற வரிக்குத்தான் போகும். அதே அறிவிப்பில், அதே தேர்வில், கொஞ்சம் கீழே இன்னொரு பதவியும் இருக்கும். அதன் பெயர் தீயணைப்போர்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 2025-ல் அறிவித்த 3,665 இடங்களில் 631 இடங்கள் தீயணைப்போருக்கானவை. 2023-ல் வந்த 3,359 இடங்களில் 674. சின்ன எண்ணிக்கை இல்லை. ஆனாலும் "போலீஸ் கிடைக்கலைன்னா இதுவாவது" என்ற நினைப்பில்தான் பலர் இந்தப் பதவிக்கு வருகிறார்கள். வந்த பிறகு வேலை எப்படி இருக்கும் என்பதை அறிவிப்பு சொல்லாது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கடலூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. தீ, வெள்ளம், புயல், ரசாயனம் என்று ஒரு தீயணைப்போர் பார்க்க வேண்டிய எல்லாமே இந்த ஒரு மாவட்டத்தில் இருக்கு.

என்ன படித்திருக்க வேண்டும்?

பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். வயது 18 முதல் 26 வரை. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 28, பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 31 வரை தளர்வு உண்டு.

முதலில் 80 மதிப்பெண்ணுக்குத் தமிழ்த் தகுதித் தேர்வு. இதில் 40 சதவீதம், அதாவது 32 மதிப்பெண் எடுக்காவிட்டால் அடுத்த விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதன்மைத் தேர்வு 70 மதிப்பெண். பொது அறிவில் 45, உளவியல் பகுதியில் 25.

அப்புறம் மைதானம். உயரம் குறைந்தது 170 செ.மீ., பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 167. மார்பளவு சாதாரணமாக 81 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்கணும். கயிறு ஏறுதல், தாண்டுதல், ஓட்டம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 24 மதிப்பெண். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6 மதிப்பெண் வரை கிடைக்கும்.

காவலர் பணிக்குக் கயிறு ஏறுவது ஒரு தேர்வு மட்டும்தான். தீயணைப்போருக்கு அது அன்றாட வேலை. கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கப் போகும்போது இது புரியும்.

அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்கும். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் தனி.

பயிற்சியில் என்ன நடக்கும்?

தேர்வானவர்களுக்குச் சுமார் மூன்று மாதப் பயிற்சி. காலையில் அணிவகுப்பு, உடற்பயிற்சி. பிறகு ஹோஸ் பைப்பை உருட்டுவது, விரிப்பது, இணைப்பது, ஏணியில் ஏறுவது, ஏணியில் இருந்து ஆளைத் தோளில் போட்டு இறக்குவது, முடிச்சு போடுவது. கேட்க எளிதாகத் தெரியும். ஆனால் தண்ணீர் நிரம்பிய ஹோஸைப் பிடித்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பது தெரியும். அழுத்தத்தோடு தண்ணீர் வெளியேறும்போது முனையைப் பிடித்தவரைப் பின்னால் தள்ளும். அதனால்தான் ஒருவர் முனையைப் பிடிக்க, இன்னொருவர் பின்னால் தாங்கி நிற்பார். புதிதாக வந்த தீயணைப்போரின் முதல் இடம் பெரும்பாலும் அந்தப் பின்னால் நிற்கும் இடம்தான்.

இடையில் ஒரு சின்ன விஷயம். 'அணைத்தல்' என்ற சொல்லுக்குத் தமிழில் அவிப்பது என்றும் பொருள், தழுவுவது என்றும் பொருள். 'தீயணைப்போர்' என்று பதவிக்குப் பெயர் வைத்தவர் இரண்டையும் நினைத்தாரா தெரியாது. பெயர் என்னவோ பொருந்துது.

நிலையத்தில் ஒரு நாள்

நிலையத்துக்கு ஒரு நிலைய அலுவலர், அவருக்குக் கீழே முன்னணி தீயணைப்போர், ஓட்டுநர்கள், தீயணைப்போர். 24 மணி நேரமும் தொலைபேசி பக்கத்தில் ஒருவர் இருப்பார். அழைப்பு வந்தால் மணி அடிக்கும். சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருந்தாலும் எழுந்துதான் ஆகணும்.

அழைப்பு இல்லாத நேரம் ஓய்வு நேரம் என்று நினைக்காதீர்கள். வண்டியில் டீசல், தண்ணீர் பார்க்கணும். பம்பை ஓட்டிப் பார்க்கணும். பயன்படுத்திய ஹோஸைக் கழுவிக் காயப் போடணும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் ஹோஸ் மக்கி, அடுத்த தீயில் நடுவில் கிழியும். இந்த வேலையில் பாதி, இப்படி யாரும் பார்க்காத பராமரிப்புதான்.

தண்ணீர் கணக்கு

தீயணைப்பு வண்டி வந்தும் தீ அணையவில்லை, தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று கூட்டத்தில் ஒருவர் கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அது நிஜம்தான். வழக்கமான நீர்தாங்கி வண்டியில் ஏறத்தாழ 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். நிமிடத்துக்கு 300 லிட்டர் போகும் ஒரு முனையைத் திறந்தால் 15 நிமிடம். இரண்டு முனை திறந்தால் ஏழரை நிமிடம். அதற்குள் அடுத்த வண்டி வரணும், இல்லாவிட்டால் பக்கத்தில் குளமோ வாய்க்காலோ இருக்கணும்.

அதனால் ஊரில் எந்தக் குளத்தில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும், எந்தப் பக்கம் வண்டியை இறக்கலாம் என்பது தீயணைப்போர் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம். சிதம்பரம் மாதிரி ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. நடராஜர் கோயிலைச் சுற்றி நான்கு தேர் வீதிகளும் அகலம். அதிலிருந்து உள்ளே பிரியும் சந்துகள் அப்படி இல்லை. ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனத் தேர் நாட்களில் அகல வீதியிலும் வண்டி நகராது.

கூரை வீட்டுத் தீயில் வண்டி போய்ச் சேர்வதற்குள் அந்த வீடு பெரும்பாலும் போயிருக்கும். அங்கே போனதும் செய்யும் வேலை பக்கத்து வீட்டுக் கூரையை நனைப்பதும், உள்ளே கேஸ் சிலிண்டர் இருக்கிறதா என்று பார்ப்பதும்தான். சூடேறிய சிலிண்டரை முதலில் தண்ணீர் அடித்துக் குளிர வைக்கணும். எல்லாம் முடிந்த பிறகு சாம்பலைக் கிளறும்போது வீட்டுக்காரர்கள் கேட்பது ரேஷன் கார்டு, பிள்ளையின் மார்க் ஷீட். நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் தீயணைப்புத் துறையின் அறிக்கை தேவைப்படும் என்பதால், அந்தக் குடும்பத்தின் அடுத்த சில மாதங்கள் இவர்கள் எழுதும் தாளையும் நம்பி இருக்கு.

சிப்காட் என்றால் கணக்கே வேறு

கடலூரில் இருந்து சிதம்பரம் போகும் சாலையில் உப்பனாற்றை ஒட்டி இருக்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. ரசாயன ஆலைகள் அதிகம். 2021 மே 13 அன்று அங்கே ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் நடந்த விபத்தில் நான்கு பேர் உயிரிழந்தனர். 2025 மே மாதம் குடிகாடு பகுதியில் ஒரு ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, சாயக் கழிவுநீர் வீடுகளுக்குள் புகுந்தது.

இங்கே வண்டியை விட்டு இறங்கியதும் தண்ணீரைத் திறந்துவிட முடியாது. முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்குது என்று பார்க்கணும். காற்று அடிக்கும் பக்கத்தில் இருந்துதான் நெருங்கணும். பிறகு, எரிவது என்ன என்று தெரியணும். கரைப்பான் திரவங்களுக்கு நுரை வேண்டும். சில ரசாயனங்கள் தண்ணீர் பட்டால் இன்னும் மோசமாகும். பத்தாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தை மறுபடி எடுக்க வைக்கும் இடம் இது.

மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு உள்ளே போகும்போதும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் வீதம் 45 நிமிடம் வரும். காகிதத்தில்தான் அப்படி. ஆளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினால் அதற்கு ரொம்ப முன்னாடியே தீர்ந்துவிடும். காற்று குறைந்தால் கருவி விசில் அடிக்கும். விசில் கேட்ட பிறகு வெளியே கிளம்பலாம் என்று இருந்தால் ஆபத்து.

தீயைவிடத் தண்ணீர்தான் அதிகம்

கடலூரை 'வடிகால் மாவட்டம்' என்பார்கள். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் இந்தக் கரையில்தான் கடலில் சேர்கின்றன. வேறு மாவட்டத்தில் பெய்யும் மழையும் இங்கேதான் வந்து நிற்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்து பலா, முந்திரி மரங்கள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. 2015 நவம்பரில் பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் திடீர் வெள்ளம் வீடுகளையே அடித்துக்கொண்டு போனது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு சாத்தனூர் அணையில் இருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்ட தண்ணீர், தென்பெண்ணை வழியாகக் கடலூருக்குள் வந்தது.

இந்த நாட்களில் ரப்பர் படகு, மிதவை உடை, கயிறு, மரம் அறுக்கும் இயந்திரம் இவைதான் கருவிகள். அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை லீவு கேட்பது கஷ்டம். தீபாவளி அந்த மாதங்களில் வருகிறது, பட்டாசுத் தீயும் கூடவே வருகிறது.

சாதாரண நாட்களிலும் அழைப்புக்குக் குறைவில்லை. வீட்டுக்குள் பாம்பு, கிணற்றில் ஆடு, கதண்டுக் கூடு, ரோட்டில் சாய்ந்த மரம். சிதம்பரம் சுற்றுவட்டாரத்தில் குளத்தில் முதலை வந்துவிட்டது என்றும் போன் வரும். முதலை வனத்துறை வேலை என்றாலும், மக்களுக்கு ஞாபகம் வரும் எண் 101.

எது உண்மையில் ஆபத்து?

தீ என்பீர்கள். அது பாதிதான். 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் தீ விபத்தில் ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயம் அடைந்தார். 2020 தீபாவளி நாளில் மதுரை ஜவுளிக் கடைத் தீயில் இரண்டு வீரர்கள் இறந்தார்கள். அங்கே உயிரைப் பறித்தது இடிந்து விழுந்த பழைய கட்டடம். சூட்டில் வெந்த சுவர், மேலே அடிக்கும் தண்ணீரின் கனமும் சேர்ந்தால் எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று கழிவுநீர்த் தொட்டி, பழைய கிணறு. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் முதலில் அழுகிய முட்டை வாடை வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. 'வாடை போயிடுச்சு' என்று இறங்குபவர் திரும்பி வருவதில்லை. அவரைக் காப்பாற்ற இறங்கும் தம்பியும், அண்ணனும் அப்படியே. மூச்சுக் கருவி இல்லாமல் இறங்கவே கூடாது என்பது தீயணைப்போருக்கு விதி. மேலே நின்று குடும்பமே கதறும்போது கருவியை மாட்டி முடிக்கும் வரை காத்திருப்பதுதான், இந்த வேலையில் கற்றுக்கொள்ளக் கஷ்டமான பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கும். 1944-ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்து இறந்த 66 தீயணைப்பு வீரர்களுக்கான நினைவு அது.

பெண்கள் சேரலாமா? பதவி உயர்வு உண்டா?

2025 அறிவிப்பு வரை தீயணைப்போர் இடங்கள் ஆண்களுக்கு மட்டும்தான். அதிகாரி நிலையில் 2003-லேயே தமிழ்நாட்டில் பெண்கள் வந்துவிட்டார்கள். கீழ்நிலைப் பதவி மட்டும் ஏன் இன்னும் மூடியிருக்கு என்பது நியாயமான கேள்வி. தீயணைப்போராகச் சேர்ந்தவர் முன்னணி தீயணைப்போர் ஆகி, மேலே போகலாம். பட்டம் இருந்தால், சார்பு ஆய்வாளர் தேர்வோடு நடக்கும் நிலைய அலுவலர் தேர்வையும் எழுதலாம். 2023-ல் அதற்கு 129 இடங்கள் வந்தன.

நீங்கள் 101-க்கு அழைத்தால்

ஊர் பெயரை முதலில் சொல்லுங்கள். 'கீழ வீதி' என்று மட்டும் சொன்னால் போதாது, கோயில் இருக்கும் ஊரில் எல்லாம் ஒரு கீழ வீதி உண்டு. எரிவது என்ன, உள்ளே ஆள் இருக்காங்களா, சிலிண்டர் இருக்கா என்பதைச் சொல்லுங்கள். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்திருந்தால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை நிறுத்திவிட்டு மூடியால் மூடுங்கள். போனை வைத்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தெருமுனைக்கு ஒருவரை அனுப்புங்கள். சந்தில் நிற்கும் பைக்குகளை வண்டி வருவதற்கு முன்னாடியே நகர்த்தி வையுங்கள்.