உழவர் குடும்பங்களுக்கான நேரடிப் பண உதவி

உழவர் குடும்பங்களுக்கான நேரடிப் பண உதவி என்பது, அரசு தரும் உதவித் தொகையைப் பொருளாகவோ விலைச் சலுகையாகவோ அல்லாமல் பணமாகவே பயனாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தும் முறையாகும். இந்தியாவில் இவ்வகைத் திட்டங்களுள் மிகப் பெரியது 2019 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி ஆகும். இக்கட்டுரை இம்முறையின் செயல்பாட்டையும், விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் போன்ற வேளாண் பகுதிகளில் வாழும் குடும்பங்களுக்கு அது ஏற்படுத்தும் மாற்றங்களையும் விளக்குகிறது.

பின்னணி

மேல்மலையனூர், செஞ்சிக் கோட்டைக்கு வடக்கே அமைந்துள்ள வட்டத் தலைநகர் ஆகும். அங்காளபரமேசுவரி கோயிலுக்காகப் பரவலாக அறியப்படும் இவ்வூரைச் சுற்றிய சிற்றூர்களில் வேளாண்மையே முதன்மைத் தொழில். ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல்லும் கரும்பும், மழையை நம்பி வேர்க்கடலையும் உளுந்தும் பயிரிடப்படுகின்றன. வேர்க்கடலை இவ்வட்டாரத்தில் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் அழைக்கப்படுகிறது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரிப் பரப்பு 0.75 எக்டேர் ஆகும். இத்தகைய சிறு நிலத்தில் வருமானம் அறுவடைக் காலத்தில் மட்டுமே கிடைக்கும். விதை, உழவுக் கூலி, உரம் ஆகியவற்றுக்கான செலவோ அதற்குப் பல மாதங்கள் முன்னரே வந்துவிடும். இந்த இடைவெளியை நிரப்பவே நகை அடகும் கைமாற்றும் வட்டிக் கடனும் பயன்படுகின்றன.

முதன்மைத் திட்டங்கள்

பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி: 2019 பெப்ரவரி 1 அன்று இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, பெப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதங்களுக்கு ஒருமுறை 2,000 ரூபாயாக மூன்று தவணைகளில் வழங்கப்படுகிறது. தொடக்கத்தில் 2 எக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்தது, அதே ஆண்டில் நிலமுள்ள உழவர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. வருமான வரி செலுத்துவோர், கடைநிலைப் பணியாளர் நீங்கலான அரசு ஊழியர், மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் விலக்கப்பட்டுள்ளனர். கணவன், மனைவி, வயதுக்கு வராத குழந்தைகள் ஆகியோர் சேர்ந்தது ஒரு குடும்பமாகக் கொள்ளப்படுகிறது. 21 ஆவது தவணை 2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் நடைபெற்ற விழாவில் விடுவிக்கப்பட்டது.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை: 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு அரசால் தொடங்கப்பட்டது. தொடக்க விதிகளின்படி, தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்குள்ளும், நிலம் நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள்ளும் இருக்க வேண்டும் என வரையறுக்கப்பட்டது. நிலப் பட்டா பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருக்கும் சிற்றூர்களில், இத்தொகை பெண்ணின் கணக்கிற்கே சேர்ந்தது குறிப்பிடத்தக்கது.

பேரிடர் நிவாரணம்: இது தொடர் உதவி அன்று. 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயலால் விழுப்புரம் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அப்போது பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைதாரர்களுக்கு 2,000 ரூபாயும், சேதமடைந்த நெற்பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன.

குடும்ப வாழ்வில் ஏற்படும் மாற்றங்கள்

கிசான் நிதியின் ஆண்டுத் தொகையை மாதக் கணக்கில் பார்த்தால் 500 ரூபாயே ஆகும். ஆயினும் அது வரும் முறையே அதன் பயனைத் தீர்மானிக்கிறது.

இடுபொருள்: 2025 இல் 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266.50 ரூபாய், 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையின் விலை 1,350 ரூபாய். இரண்டிலும் ஒவ்வொரு மூட்டை வாங்க 1,616.50 ரூபாய் ஆகும். ஒரு தவணை உரிய காலத்தில் வந்தால் இச்செலவிற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஏக்கர் மணிலா விதைக்க ஏறத்தாழ 50 கிலோ விதைப்பருப்பு தேவைப்படுவதால், விதைச் செலவின் ஒரு பகுதியை மட்டுமே அது ஈடுசெய்யும்.

கடன்: நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் 2,000 ரூபாயை நான்கு மாதங்களுக்குப் பெறும் குடும்பம் 240 ரூபாய் வட்டி கட்ட வேண்டும். தவணைத் தொகை இந்த வட்டியை மிச்சப்படுத்துகிறது. எனினும் முன்னரே கடனில் உள்ள குடும்பத்தில் அது பழைய பாக்கிக்கே சென்றுவிடக்கூடும்.

உணவும் கல்வியும்: பணம் எதற்கு என்ற நிபந்தனை இல்லாததால் மளிகைப் பாக்கி, பள்ளிச் செலவு, மருந்து, ஆட்டுக்குட்டி வாங்குதல் என அந்நேரத் தேவைக்கு ஏற்ப அது பயன்படுகிறது. மேற்கூறிய இரு திட்டங்களிலும் தகுதி பெற்ற ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 18,000 ரூபாய், அதாவது மாதம் 1,500 ரூபாய் கிடைத்தது. கூலி வேலை இல்லாத மாதங்களில் இது குறிப்பிடத்தக்க தொகையாகும்.

நடைமுறை: பயன்பெறுவதற்கு பட்டா, ஆதார் எண்ணுடன் இணைந்த வங்கிக் கணக்கு, மின்னணு முறையிலான அடையாளச் சரிபார்ப்பு ஆகியவை தேவை. தேய்ந்த கைரேகை, பெயரின் எழுத்து வேறுபாடு போன்ற சிறு காரணங்களாலும் தவணை நின்றுவிடுவதுண்டு. அதைச் சரிசெய்ய வேளாண்மை அலுவலகத்திற்கும் வங்கிக்கும் அலையும் நாள்களில் அக்குடும்பம் கூலியை இழக்கிறது.

விடுபடுவோர்

இத்திட்டத்தில் உதவி நிலத்தின் பெயரில் வழங்கப்படுகிறது, உழைப்பின் பெயரில் அன்று. எனவே குத்தகைக்கும் வாரத்திற்கும் பயிரிடுவோரும், நிலமற்ற வேளாண் கூலிகளும் கிசான் நிதியைப் பெற இயலாது. பாகப்பிரிவினை செய்தும் பட்டா மாறாமல் இறந்துபோன பாட்டன் பெயரிலேயே இருக்கும் நிலத்தில் உழுவோரும் இதே நிலையில் உள்ளனர். இதற்கு மாறாக, ஒடிசா அரசு 2018-19 இல் கொண்டுவந்த காலியா திட்டம் குத்தகை உழவரையும் நிலமற்றோரையும் சேர்த்துக்கொண்டது.

2020 முறைகேடு

2020 இல் கொரோனா ஊரடங்குக் காலத்தில், இணையவழிப் பதிவு வசதியைப் பயன்படுத்தித் தகுதியற்ற பலர் கிசான் நிதிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது கண்டறியப்பட்டது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் இது நடைபெற்றது. அலுவலர்களின் கடவுச்சொற்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டதும், இடைத்தரகர்கள் ஈடுபட்டதும் தெரியவந்தது. ஏறத்தாழ 5.5 இலட்சம் பேர் தகுதியின்றிச் சேர்க்கப்பட்டதாகவும், சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடாகப் பெறப்பட்டதாகவும் 2020 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தெரிவித்தது. வழக்கு குற்றப் பிரிவு குற்றப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டு, பணம் திரும்பப் பெறப்பட்டது. பின்னர் கடுமையாக்கப்பட்ட சரிபார்ப்பு முறைகள் உண்மையான உழவர்களுக்கும் கூடுதல் சுமையாயின.

பிற இடங்களில்

தெலங்காணா அரசு 2018 மே மாதம் தொடங்கிய ரைத்து பந்து திட்டம் ஏக்கர் கணக்கில், ஒரு பருவத்திற்கு 4,000 ரூபாய் வழங்கியது. இதில் பெருநிலக்கிழார் மிகுதியாகப் பெற்றனர். கிசான் நிதியில் அனைவருக்கும் ஒரே தொகை என்பதால், சிறு உழவரின் வருமானத்தில் அதன் பங்கு பெரிதாகும்.

2011 முதல் மத்தியப் பிரதேசச் சிற்றூர்களில் சேவா அமைப்பு நடத்திய சோதனையில், நிபந்தனையின்றி மாதந்தோறும் பணம் பெற்ற குடும்பங்களில் உணவும் கால்நடை வளர்ப்பும் சொந்த நிலத்தில் உழைப்பும் மேம்பட்டன. கென்யாவில் நடைபெற்ற ஆய்வில், இத்தகைய பணத்தால் மது, புகையிலைச் செலவு கூடவில்லை எனத் தெரியவந்தது.

மதிப்பீடு

2019 இல் நிர்ணயிக்கப்பட்ட 6,000 ரூபாய் 2025 வரை உயர்த்தப்படவில்லை. விலைவாசி உயர்வால் அதன் வாங்கும் திறன் குறைந்துள்ளது. இதை 12,000 ரூபாயாக உயர்த்துமாறு வேளாண்மைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2024 திசம்பரில் பரிந்துரைத்தது. விளைபொருளுக்கு நியாயமான விலை, பாசனம், குறித்த காலத்தில் திருப்பிச் செலுத்துவோர்க்கு வட்டியில்லாத கூட்டுறவுப் பயிர்க்கடன் ஆகியவற்றுக்குப் பண உதவி மாற்றாகாது. இவற்றுடன் சேர்ந்து வரும்போதே அது ஓர் உழவர் குடும்பம் ஒரு பருவத்திலிருந்து மறு பருவத்திற்குக் கடனின்றிக் கடக்கத் துணைபுரிகிறது.

இவற்றையும் பார்க்க

மேல்மலையனூர்
செஞ்சிக் கோட்டை
விழுப்புரம் மாவட்டம்
தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்