ஷத்ரன்ஜ் பலகையும் கைபேசித் திரையும்

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் ஒருநாள் அஸருக்குப் பின் நடந்துகொண்டிருந்தபோது, நமக்கு அறிமுகமான சகோதரர் ஒருவர் எதிர்ப்பட்டார். உடன் வந்த அவருடைய மகனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். சிறுவனின் கண்கள் கடலையும் பார்க்கவில்லை, நம்மையும் பார்க்கவில்லை; கையிலிருந்த திரையிலேயே பதிந்திருந்தன. ஸலாம் சொல்லி நலம் விசாரித்த பின் அந்தச் சகோதரர் தயங்கியபடி கேட்டார்: "ஹஜ்ரத், இவன் கையை விட்டுப் போன் இறங்க மாட்டேங்குது. ஒரு செஸ் போர்டு வாங்கிக் கொடுக்கலாம்னு பார்க்கிறேன். ஆனா அதுவும் கூடாதுன்னு கிதாபுல இருக்காமே?"

ஒரு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியாக அது நமக்குப் படவில்லை. பலகை விளையாட்டு நல்லது, மின்னணு விளையாட்டு தீயது என்று எளிதாகப் பிரித்துப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. நம் முன்னோர் விளையாட்டுகளை இப்படியா பிரித்தார்கள்? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

சதுரங்கம் இந்திய மண்ணில் பிறந்தது. யானை, குதிரை, தேர், காலாள் எனும் நால்வகைப் படையே அதன் பெயர். ஏறத்தாழ கி.பி. ஆறாம் நூற்றாண்டில் அது பாரசீகம் சென்று 'சத்ரங்' ஆயிற்று. பாரசீகம் இஸ்லாமிய ஆட்சிக்குள் வந்த பின் அரபியர் நாவில் 'ஷத்ரன்ஜ்' ஆயிற்று. ஷாஹ், ஃபிர்ஸான், ஃபீல், ஃபரஸ், ருக், பைதக் என்று காய்களுக்குப் பெயர்கள் அமைந்தன. ஆங்கிலேயர் இன்று 'ரூக்' என்பது அந்த 'ருக்'தான். ஸ்பானியர் 'அல்ஃபில்' என்று அழைக்கும் காய் அரபியரின் யானையாகிய 'அல்ஃபீல்'. ஆட்டத்தை முடிக்கும் 'செக்மேட்' என்ற சொல்லும் 'ஷாஹ் மாத்' என்பதன் திரிபே. இந்தியாவில் தோன்றிய விளையாட்டை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றவர்கள் முஸ்லிம்கள் என்பதற்கு இச்சொற்களே சான்று.

அப்பாஸிய பக்தாதில் இவ்விளையாட்டு ஒரு கலையாகவே வளர்ந்தது. கலீஃபா முதவக்கில் காலத்தில் (847-861) வாழ்ந்த அல்அத்லீ, ஷத்ரன்ஜ் பற்றித் தனி நூலே எழுதினார். அவருக்குப் பின் வந்த அபூபக்ர் அஸ்ஸூலீ (இறப்பு ஹி. 335 / கி.பி. 946) வரலாற்றாசிரியர், இலக்கியவாதி, கலீஃபாக்களின் அவைத் தோழர். 'ஸூலீயின் வைரம்' என இன்று வழங்கும் புதிர் ஒன்றை அவர் அமைத்தார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 1980களில்தான், ரஷ்ய வல்லுநர் யூரி அவர்பாக் அதற்கு விடை கண்டார்.

கலீஃபாக்களின் அவையில் ஆட்டம் நடந்த அதே நூற்றாண்டுகளில், ஃபிக்ஹு அறிஞர்களின் அவையில் அதைப் பற்றிய விவாதமும் நடந்தது. அதில் ஒரு நுட்பத்தைக் காண்கிறோம். பகடை உருட்டி ஆடும் 'நர்த்' விளையாட்டைக் கடுமையாகக் கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆகவே பெரும்பான்மை அறிஞர்கள் நர்தை ஹராம் என்றனர். ஷத்ரன்ஜ் பற்றி நபிமொழிகளாக வழங்கப்படுபவற்றையோ ஹதீஸ்கலை அறிஞர்கள் ஆதாரப்பூர்வமானவையாக ஏற்கவில்லை. ஸஹாபாக்கள் அரபுநாட்டிலிருந்து பாரசீகம் சென்ற பின்னரே அவ்விளையாட்டு பரவலாக அறிமுகமானது என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

எனவே கருத்து வேறுபாடு எழுந்தது. ஹனஃபீ, மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் ஷத்ரன்ஜையும் தடுத்தனர். சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தோரைக் கண்ட அலீ (ரலி) அவர்கள், நபி இப்ராஹீம் (அலை) தம் சமூகத்தின் சிலைகளைப் பார்த்துக் கேட்ட கேள்வியையே அவர்களிடம் கேட்டார்கள் என்ற அறிவிப்பு அவர்களின் ஆதாரங்களுள் ஒன்று. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ அதை மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தினார்கள். தாபிஈன்களில் ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) பலகைக்கு முதுகு காட்டி அமர்ந்து, பாராமலே ஆடியதாக ஷாஃபிஈ நூல்களில் குறிப்புண்டு.

ஷாஃபிஈ மத்ஹபின் இச்சலுகையும் நிபந்தனைகளுக்கு உட்பட்டதே. பணயம் கூடாது, தொழுகை தவறக் கூடாது, தீய பேச்சு கூடாது. தொழுகையைத் தவறவிட்டாலோ பணயம் வைத்தாலோ பெரும்பான்மை அறிஞர்களிடம் அது ஹராம் என்று இமாம் நவவீ (ரஹ்) தெளிவுபடுத்தினார்கள். இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) கவலைப்பட்டது மனம் முழுவதையும் அது ஈர்த்துக்கொள்வது பற்றி. பகடை ஆடுபவனைவிடச் சதுரங்கம் ஆடுபவனின் சிந்தனையே அதிகம் சிறைப்படுகிறது என்பது அவர்களின் வாதம்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விளையாட்டு எப்பொருளால் செய்யப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. வெற்றி அறிவால் வருகிறதா, பகடையால் வருகிறதா? பணயம் உண்டா? இறைநினைவையும் தொழுகையையும் தடுக்கிறதா? பகையை மூட்டுகிறதா? இவையே அவர்களின் அளவுகோல்கள். கடைசி இரண்டும் மதுவையும் சூதையும் பற்றி அல்மாயிதா அத்தியாயம் கூறும் காரணங்களேயாகும். அல்பீரூனீ, கி.பி. 1030ஐ ஒட்டி எழுதிய தம் இந்திய நூலில், இங்கே நால்வர் கூடிப் பகடை உருட்டிச் சதுரங்கம் ஆடியதைப் பதிவு செய்துள்ளார். பலகை ஒன்றே, பகடை நுழைந்ததும் ஆட்டத்தின் தன்மை மாறிவிடுகிறது.

இப்போது பெசன்ட் நகருக்குத் திரும்புவோம். விசுவநாதன் ஆனந்தின் குடும்பம் வாழ்ந்த பகுதி இது. ஆறு வயதில் தாயிடம் ஆட்டம் கற்ற அவர், சோவியத் கலாசார மையத்தில் மானுவேல் ஆரோன் 1972இல் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் பயின்று, 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். அவர் முதன்முதலாக உலகப் பட்டம் வென்ற இடம் எது தெரியுமா? தெஹ்ரான். 2000 டிசம்பரில் அங்கு நடந்த இறுதிப் போட்டியில் அலெக்ஸி ஷிரோவை வென்றார். அதே ஈரானில் 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் சதுரங்கம் தடை செய்யப்பட்டிருந்தது. பணயமில்லாத ஆட்டம் ஆகும் என்று ஆயத்துல்லாஹ் குமைனி 1988இல் தீர்ப்பளித்த பின்னரே தடை நீங்கியது.

ரியாதிலும் இதே கதைதான். 2016இல் சவூதியின் அப்போதைய தலைமை முஃப்தி, சதுரங்கம் காலவிரயம், பகைக்கு வித்து என்று கூறித் தடுக்கப்பட்டதென அறிவித்தார். 2017 டிசம்பரில் அதே ரியாதில் உலக அதிவேகச் சதுரங்கப் போட்டி நடந்தது. பட்டம் வென்றவர் நம் ஆனந்த். 2025இல் அந்நகரில் நடந்த மின்னணு விளையாட்டு உலகக் கோப்பையில் சதுரங்கமும் ஓர் ஆட்டமாகச் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் ஆப்கானிஸ்தானின் ஆட்சியாளர்கள், சூதுக்கு வழியாகலாம் என்று கூறிச் சதுரங்கத்தை நிறுத்திவைத்தனர். ஆக, ஒரே ஆண்டில் ஓர் இடத்தில் தடை, இன்னோர் இடத்தில் மின்னணு அரங்கு. பலகைக்கும் திரைக்கும் இடையில் இருந்த சுவரே இடிந்துவிட்டது.

இனி முன்னோரின் அளவுகோல்களைத் திரையின்மேல் வைத்துப் பார்ப்போம். சிறுவர் ஆடும் பல ஆட்டங்களில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பணம் கட்டித் திறக்கும் பரிசுப் பெட்டிகள் உள்ளன. 2018இல் பெல்ஜியம் இவற்றைச் சூதாட்டமென அறிவித்தது. நம் மொழியில் சொன்னால், நர்தின் பகடை திரைக்குள் ஒளிந்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனம் இடம்பெற்றது. கட்டுப்பாடு இழத்தல், ஏனைய கடமைகளைப் பின்தள்ளுதல், கேடு தெரிந்தும் தொடர்தல் என்பன அதன் அடையாளங்கள். இப்னு தைமிய்யாவின் கவலையை மருத்துவர்கள் வேறு சொற்களில் கூறியிருக்கிறார்கள்.

நாட்டுச் சட்டமும் இதே கேள்விகளுக்கு வந்து சேர்ந்ததைக் காண்கிறோம். தமிழ்நாடு அரசு 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றுக்கு மட்டும் விலக்களித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்தது. திறமை ஆட்டமான ஷத்ரன்ஜிலும் இருதரப்பும் பணயம் வைத்தால் அது சூதே என்று நம் ஃபுகஹாக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் சொன்னதும் இதுதான்.

அதற்காகத் திரை முழுவதும் நஞ்சு என்று நாம் சொல்ல வரவில்லை. கழகமோ ஆசிரியரோ இல்லாத சிற்றூர்ப் பிள்ளை, கைபேசி வழியே உலகின் சிறந்த ஆட்டங்களைக் கற்க முடிகிறது. பலகையும் தானாகவே நன்மையாகிவிடாது. பலகைமுன் அமர்ந்து மஃரிபை இழப்பவன் திரைமுன் அமர்ந்து இழப்பவனைவிட மேலானவன் அல்லன். எனினும் ஒரு வேறுபாட்டை மறுக்க முடியாது. பலகைக்கு எதிரே ஒரு மனிதர் வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு முடிவு உண்டு. திரை ஆட்டங்கள் பலவும் முடியாதபடியே அமைக்கப்படுகின்றன. 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் உலக வாகையரான சென்னையின் குகேஷை, ஏறத்தாழ 2500 புள்ளிகளை எட்டும் வரை கணினிப் பொறியின் துணையின்றியே அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா பயிற்றுவித்தார் என்பது இங்கு நினைக்கத் தக்கது. முதலில் சொந்தச் சிந்தனை, பிறகு கருவி.

அந்தச் சகோதரரிடம் நாம் சொன்னது இதுதான்: "நீங்கள் எந்த மத்ஹபைப் பின்பற்றுகிறீர்களோ அதன் தீர்ப்பைக் கேட்டு நடங்கள். ஷாஃபிஈயாக இருந்தால், நிபந்தனைகளோடு பலகை வாங்கிக் கொடுக்க இடமுண்டு. ஆனால் வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் உங்கள் கைபேசியோடு உட்கார்ந்துவிட்டால் பயனில்லை. எதிரே அமர்ந்து ஆடுங்கள். பாங்கு சொன்னதும், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும், முதலில் நீங்கள் எழுந்திருங்கள்."

அவர் சிரித்தார். மஃரிபுக்கு நேரமாகியிருந்தது. மகனின் தோளைத் தொட்டார். சிறுவன் திரையிலிருந்து தலையை நிமிர்த்தினான். மூவரும் பள்ளிவாசலை நோக்கி நடந்தோம்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.