ஜவ்வரிசிக்குப் பின்னால் ஒரு மலை

பாயசத்துல மிதக்குற ஜவ்வரிசி ஒரு மலையோட விவசாயத்தையே மாத்திருச்சுன்னு சொன்னா நம்புவீங்களா? இன்னிக்கு அந்தக் கதைதான்.

நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினா, மேலே பதினாலு நாடுகள். நாடுன்னா பல ஊர்கள் சேர்ந்த ஒரு பகுதி. அதில் ஒன்று தேவனூர் நாடு. இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள்னு பேர். கேரளாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது இவங்களோட வாய்மொழி வரலாறு.

பள்ளத்தில் நெல். சரிவில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. விளைஞ்சதை வீட்டிலேயே வருஷக்கணக்கில் வெச்சுக்கலாம். பணம் இல்லாத வருஷத்திலும் பானையில் கஞ்சி இருக்கும்.

இப்போ கொஞ்சம் கீழே இறங்கி சேலத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் நேரம். மலாயாவை ஜப்பான் பிடிச்சதும், அங்கிருந்து கப்பலில் வந்த ஜவ்வரிசி நின்னு போச்சு. 1943 வாக்கில், மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் சேலத்தில் தொடங்குச்சு. ஆலைகள் பெருகின. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் வந்தது. ஆலைகளுக்குக் கிழங்கு தேவை. 1970, 80-களுக்குப் பிறகு சாலையும் லாரியும் இருந்த இடமெல்லாம் மரவள்ளி ஏறுச்சு, கொல்லிமலைக்கும்தான்.

சாமையை ஏன் விட்டாங்க? "பேராசை"ன்னு சொல்றது ரொம்ப சுலபம். ஆனா சாமையோட உமியை நீக்க, பெண்கள் மணிக்கணக்கில் உரலில் குத்தணும். ரேஷன் கடையிலோ அரிசி தயாரா கிடைக்குது. பள்ளிக்கூடச் செலவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் சாமை காசு தராது, மரவள்ளி தரும். அந்தக் குடும்பம் போட்ட கணக்கு தப்பில்லை.

சிக்கல் வேற இடத்துல இருக்கு. பறிச்ச கிழங்கு சில நாளிலேயே கெட ஆரம்பிச்சிடும். "விலை ஏறட்டும்"னு காத்திருக்க முடியாது. கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்துன்னு பார்த்து, "பாயிண்ட்" கணக்கில் ஆலை விலை போடும். வீட்டில் தானியம் வெச்சிருந்தவங்க, அன்றைய விலைக்கு விற்றே ஆகணும்கிற நிலைக்கு வந்தாங்க.

அதனால யாரும் ஒரே பயிரை நம்பி இருக்கிறதில்லை. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, நிழலில் காபி, கூடவே கூலி வேலை. 1990-கள் முதல் இங்கே வேலை செய்யும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், சிறுதானிய விதைகளைக் காப்பதோடு உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டு வந்தது. மகளிர் குழுக்களே அரைச்சு, பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கினாங்க.

2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவிச்சப்போ, நகரத்துல நாம எல்லாரும் சாமை பொங்கல் போட்டோ போட்டோம். நல்லதுதான். ஆனா "மலைமக்கள் பாரம்பரியத்தை மறந்துட்டாங்க"ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: அந்த உலக்கையைப் பிடிச்சது யாரோட கை?