ஊசியும் மின்னோட்டமும்: மின்னாடையின் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

ஆடையில் மின்சாரத்தைப் பொருத்தும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1882 நவம்பரில் இலண்டன் சவோய் அரங்கில் 'அயோலாந்தி' என்னும் இசைநாடகம் மேடையேறியபோது, தேவதைகளாக நடித்த பெண்களிற் சிலர் மின்விளக்குப் பதித்த தலையணிகளுடன் தோன்றினர். மின்கலங்களை அவர்கள் முதுகிற் சுமந்தனர். அடுத்த ஆண்டு மார்ச் மாதம், நியூயோர்க்கில் நடைபெற்ற செல்வர் விருந்தொன்றில், அலிஸ் வண்டர்பில்ற் 'மின்னொளி' என்ற வேடம் பூண்டு, ஆடையினுள் மறைந்திருந்த மின்கலத்தால் ஒளிர்ந்த தீபத்தை ஏந்தி நின்றார். இவை கண்ணைக் கவர்ந்தனவாயினும், அணிந்தவர் வேறு, ஆக்கியவர் வேறு. அணிந்தவள் விளக்குத் தண்டாக நின்றாள் என்பதே பொருந்தும்.

இந்நிலையை மாற்றியவருள் யப்பானிய ஓவியர் அற்சுக்கோ தனாக்கா முதன்மையானவர். 'குத்தாய்' கலைஞர் குழுவைச் சேர்ந்த இவர், 1956 இல் 'மின் ஆடை' என்னும் படைப்பைத் தாமே உருவாக்கித் தாமே அணிந்தார். ஏறத்தாழ இருநூறு மின்குமிழ்களும் குழல் விளக்குகளும் பல வண்ணம் பூசப்பெற்றுக் கம்பிகளாற் பிணைக்கப்பட்டு, கழுத்துமுதற் கால்வரை அவர் உடலை மூடின. கிமோனோவின் மரபும் ஒசாக்கா நகரத்து விளம்பர விளக்குகளின் பகட்டும் அதிற் கலந்திருந்தன. பாரமும் வெப்பமும் ஒருபுறமிருக்க, மின் தாக்கிவிடுமோ என்ற அச்சமும் உடனிருந்தது. அழகுக்கும் ஆபத்துக்கும் இடையே ஒரு பெண் தன் உடலை நிறுத்தியமையே இப்படைப்பின் வலிமை என்பது எனது கருத்து. ஆயினும் அது துணியன்று. துணியின் வடிவெடுத்த கம்பிக் கூடு.

துணியே மின்சுற்றாகலாம் என்ற எண்ணம் 1990களிற்றான் உருப்பெற்றது. மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஊடக ஆய்வகத்தில் றெமி போஸ்ற், மகி ஓர்த் ஆகியோர் இதற்கான பொருளைத் தேடியபோது அவர்களுக்கு உதவியது இந்தியப் பட்டுத் துணியொன்று. அதன் ஊடிழை, மெல்லிய செப்புத் தகடு சுற்றிய பட்டு நூலாகும். கூறைச் சேலையின் கரையில் நாம் காணும் சரிகையின் உறவுமுறையே இது. அழகுக்காக நெய்த உலோக இழை மின்னையும் கடத்தும் என்பது நெசவாளன் கருதாத பயன். (இன்று மலிவாகக் கிடைக்கும் பிளாத்திக்குச் சரிகையை நம்பி எவரும் இச்சோதனையில் இறங்கவேண்டாம்.) இவ்வாய்வகத்தார் மின்கடத்தும் நூலாற் பூவேலை செய்து, விரலாற் தொட்டால் இசையெழுப்பும் மேற்சட்டையையும் ஆக்கினர்.

எனினும் இக்கலை ஆய்வுகூடத்தைவிட்டு வெளியே வந்தது 2007 இலேயே. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த லியா பியூக்லி, 'லிலிபாட்' என்னும் சிறு கணிப்பலகையை வடிவமைத்தார். ஐந்து சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டம். விளிம்பைச் சுற்றிப் பூவிதழ்போல இணைப்புகள். ஒவ்வோரிதழிலும் ஊசி நுழையும் துளை. ஈயம் உருக்கி ஒட்டவேண்டியதில்லை. வெள்ளி பூசிய நூலாற் துளையைச் சுற்றி இறுகத் தைத்தாற் போதும். நூலுக்கோ காப்புறை இல்லை. இரு தையல்வரிகள் மடிப்பிற் தொட்டுக்கொண்டால் மின்சுற்றுக் கெடும். வரி நீண்டால் தடை கூடி விளக்கு மங்கும். ஆதலின் துணி எங்கே மடியும், எங்கே இழுபடும் என்பதை முன்னறிந்து தைக்கவேண்டும். இவ்வறிவு பொறியியல் நூல்களில் இல்லை. தையற்காரியின் கையில் இருந்தது.

2010 இல் பியூக்லியும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்கள் ஆராய்ந்த லிலிபாட் ஆக்கங்களில் 65 வீதமானவை பெண்களுடையவை. வழக்கமான ஆர்டுயினோப் பலகையால் ஆன ஆக்கங்களிலோ 2 வீதமே. பெண்ணை மீண்டும் ஊசியோடு பிணைக்கும் ஏற்பாடு இது என்று குறைகூறுவார் உளர். எனக்கு அது உடன்பாடன்று. இலத்திரனியலுக்குப் பெண் பொருந்தவில்லை என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட இடத்தில், இப்பலகையின் முன் அமர்ந்த பொறியியல் மாணவன் முதலிற் கற்கவேண்டியிருந்தது நூலோட்டத் தையலை.