மணல், சவுடு வருவாய்: சென்னை மேற்குப் புறநகர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரக் கட்டுமானத்துக்காகத் தோண்டப்படும் ஆற்றுமணல், சவுடு (நிரப்பு மண்) போன்ற சிறு கனிமங்களுக்காக அரசுக்கு வரவேண்டிய வருவாயின் வரலாறும், அது கணக்கிலிருந்து நழுவும் வழிகளும் இங்கே தொகுக்கப்படுகின்றன.

1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தபின், இப்பகுதி வயல்கள் மனைகளாயின. வீடு கட்ட மணலும், பள்ளத்தை மேடாக்கச் சவுடும் தேவைப்பட்டன. ஆரணியாறு, கொசஸ்தலையாறு, பாலாறு ஆகியவை மணலுக்கும், திருவள்ளூர் மாவட்ட ஏரிகள் சவுடுக்கும் தோண்டப்பட்டன.

1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் சிறு கனிமங்களுக்கு விதி வகுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. தமிழ்நாட்டின் விதிகள் 1959-இல் வந்தன. குவாரியிலிருந்து கிளம்பும் லாரியிடம் நடைச்சீட்டு இருக்க வேண்டும். ஏற்றிய கனிமத்துக்கான சீனியரேஜ் என்னும் கட்டணம் அரசுக்குச் சேர வேண்டும். ஓட்டை விழுவது இந்தச் சீட்டில்தான். ஒரே சீட்டை வைத்துப் பல நடை ஓட்டுவார்கள். சீட்டில் உள்ளதைவிடக் கூடுதல் யூனிட் ஏற்றுவார்கள். அனுமதித்த ஆழத்துக்குக் கீழேயும் பொக்லைன் இறங்கும். எழுதப்படாத லோடு ரொக்கத்துக்கு விற்கப்படுவதால் சீனியரேஜோடு சரக்கு மற்றும் சேவை வரியும் (ஜிஎஸ்டி) வருமான வரியும் சேர்ந்தே மறைகின்றன. ஏரிக்கரையில் வாழ்பவருக்கு மிஞ்சுவது, மழைக்காலத்தில் ஆழம் தெரியாத குழி.

2003-இல் அந்த 1959 விதிகளின் 38-அ விதியின்படி ஆற்றுமணல் குவாரிகளை அரசே ஏற்றது. கசிவு நிற்கவில்லை. மணலோடு முடியும் சிக்கலும் அல்ல இது: 2012-இல் மதுரை ஆட்சியர் உ. சகாயம், கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று அறிக்கை அளித்தார்.

2023 செப்டம்பரில் அமலாக்கத் துறை, அரசுக் குவாரிகளில் வேலை எடுத்திருந்த மணல் ஒப்பந்ததாரர்களின் இடங்களைச் சோதனையிட்டது. கான்பூர் ஐஐடி வல்லுநர்களைக் கொண்டு குவாரிகளை அளந்தது. அள்ளப்பட்ட மணலின் மதிப்பு சுமார் 4,730 கோடி, அரசுக் கணக்கில் வந்தது 36.45 கோடி என்பது அத்துறையின் வாதம். குழியை அளந்து சீட்டோடு ஒப்பிடுவதே சரியான வழி. அந்த அளவை குவாரிவாரியாக மக்கள் பார்க்கும்படி வெளியிட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. கனிம வருவாயை இப்படித் திறந்து காட்டும் பன்னாட்டு முயற்சி 2003 முதல் நடந்துவருகிறது. இந்தியா அதில் சேரவில்லை.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஒப்பந்ததாரர்கள் மீதான அமலாக்கத் துறை நடவடிக்கையை ரத்து செய்தது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் குற்ற அட்டவணையில் 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் இடம்பெறவில்லை என்பது அதற்கான முக்கியக் காரணம்.