தோளிற் சுமக்கும் வீடு



ஆமை தன் வீட்டைத் தன் முதுகிலேயே சுமந்து செல்கின்றது, நத்தையும் அவ்வாறே. மனிதனுக்கு இயற்கை அத்தகைய கவசம் எதனையும் அளிக்கவில்லை. சத்திரமும் சாவடியும் இல்லாத மலையிலோ காட்டிலோ இரவைக் கழிக்க வேண்டுமாயின், அவன் தனக்குரிய கூரையைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். உண்டாக்கிய கூரையைத் தூக்கிக்கொண்டும் நடக்க வேண்டும். பாரத்தைக் குறைத்தால் நடை எளிதாகும். அளவுக்கு மிஞ்சிக் குறைத்தாலோ, காற்றும் மழையும் பனியும் உயிரையே விலையாகக் கேட்கும். இவ்விரண்டுக்கும் இடையே மனிதன் கண்ட சமரசமே பாரமற்ற கூடாரத்தின் வரலாறு.

பண்டைக் காலத்துக் கூடாரங்களின் பாரத்தைப் பற்றி அவற்றில் உறங்கியவர்கள் அதிகம் கவலைப்படவில்லை. அவற்றைச் சுமந்தவை ஒட்டகங்களும் யானைகளும் மாட்டு வண்டிகளுமே. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில் வரும் அரசனின் பாசறையை நினைத்துப் பாருங்கள். காட்டாற்றங்கரையிலே வெட்டி வெளியாக்கிய நிலத்தில், தெருக்களோடு கூடிய ஒரு நகரமே எழுந்துவிடுகின்றது. ஆனால் அதே பாட்டில் ஒரு நுட்பத்தையும் காண்கிறோம். வீரர்கள் தம் வேல்களை நிலத்தில் ஊன்றிக் கேடயங்களை நிரைத்து அரண் அமைக்கின்றனர்; வில்லும் அம்பறாத் தூணியும் அவர்களது இருக்கைக்குத் துணையாகின்றன. எப்படியும் கையிலே எடுத்துச் செல்லவேண்டிய பொருளை வீட்டின் உறுப்பாகவும் பயன்படுத்துதல் என்ற இந்த எண்ணத்தைச் சற்று மனத்தில் வைத்திருங்கள். இதனைப் பின்னரும் சந்திப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளில் ஏறுவது ஆங்கிலேயரிடையே ஒரு பெருவிருப்பமாக வளர்ந்தது. அங்கே யானையும் வண்டியும் ஏறமுடியாது. செங்குத்தான பாறையில் மனிதன் தூக்கிச் செல்லக்கூடிய கூடாரம் தேவைப்பட்டது. எட்வர்ட் விம்பர் என்ற இளம் மரச்செதுக்கு ஓவியர், மற்றர்ஹோர்ன் சிகரத்தை வெல்லும் வேட்கையோடு 1861ஆம் ஆண்டு முதல் மீண்டும் மீண்டும் முயன்றார். அம்முயற்சிகளின் பொருட்டு அவர் தாமே ஒரு கூடாரத்தை வகுத்தார். அதன் அடித்தளம் ஏறத்தாழ ஆறு அடிச் சதுரம். முன்னும் பின்னும் இரண்டிரண்டாகச் சாய்த்து நிறுத்திய நான்கு மரக்கோல்கள் அதனைத் தாங்கின. கோல்களின் அடியில் இரும்பு முனைகள் இருந்தன. கூரை பருத்தித் துணி. தரை இறப்பர் பூசிய துணி. நான்கு பேர் உறங்கத்தக்க அக்கூடாரத்தின் நிறை ஏறத்தாழ 23 இறாத்தல். அக்காலத்துக்கு அது பெரிய முன்னேற்றமே. விம்பரின் பெயரையே தாங்கிய அவ்வகைக் கூடாரம் பல பத்தாண்டுகள் மலையேறிகளுக்குத் துணையாக நின்றது.

ஆயின் அந்த 23 இறாத்தலை யார் சுமந்தார்? புரொயில் என்ற இத்தாலிய மலைக்கிராமத்தைச் சேர்ந்த லூக் மெய்னே என்ற ஏழைத் தொழிலாளி. அவர் முதுகு கூனியவர். இறந்துபோன தம் சகோதரனின் பிள்ளைகளையும் பேணிவந்தவர். அந்த மனிதரே கூடாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பிறர் கைகளை வீசி ஏறுவதற்கே அஞ்சிய பாறைகளில் ஏறினார். விம்பர் 1871இல் வெளியிட்ட தம் நூலில் இவரை அன்போடு நினைவுகூர்ந்திருக்கிறார். அது அவருடைய பெருந்தன்மை. எனினும், மற்றர்ஹோர்ன் 1865 யூலை 14ஆம் நாள் முதன்முதலாக வெல்லப்பட்டபோது உச்சியில் நின்றவர்களிடையே மெய்னே இல்லை.

இதிலே ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. உறங்குபவன் ஒருவன், சுமப்பவன் இன்னொருவன் என்றிருக்கும்வரை கூடாரத்தின் பாரம் மெல்லவே குறைந்தது. சுமப்பவனே உறங்குபவனாகவும் ஆனபோது அது விரைந்து குறைந்தது.

அந்த மாற்றத்தின் முன்னோடிகளில் ஒருவர் அல்பேட் மம்மரி. வழிகாட்டிகளும் சுமையாளரும் இல்லாமல், ஒத்த நண்பர்கள் மாத்திரம் சேர்ந்து மலையேறவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே அவருடைய கூடாரம் சிறியதாயிற்று. அதன் நிறை ஏறத்தாழ 4 இறாத்தலுக்கு இறங்கியது. கூடாரத்துக்கென்று தனிக்கோல்கள் இல்லை. மலையேறுவோர் கையில் எப்போதும் இருக்கும் பனிக்கோடரிகள் இரண்டும் இரவில் கூடாரத்தின் தூண்களாயின. முல்லைப்பாட்டு வீரனின் வேல் இங்கே பனிக்கோடரியாக மாறி நிற்பதைக் காண்கிறீர்கள் அல்லவா? மம்மரி 1895ஆம் ஆண்டு இமயத்தின் நங்கபர்பத் மலையில், ரகோபீர், கோமான் சிங் என்னும் கூர்க்கா வீரர் இருவரோடு மறைந்தார். அவர் பெயர்கொண்ட கூடாரம் மறையவில்லை.

மற்றொரு முன்னோடி மலையேறியல்லர், தையற்காரர். தோமஸ் ஹைரம் ஹோல்டிங் என்னும் அவர், 1853ஆம் ஆண்டிலே ஒன்பது வயதுச் சிறுவனாக அமெரிக்கப் புல்வெளிகளை வண்டித்தொடரோடு கடந்தவர். அந்த இளமை நினைவு அவரை விட்டு நீங்கவில்லை. இலண்டனில் தையற்கடை நடத்திய காலத்தில், சைக்கிளில் ஏற்றிச் செல்லக்கூடிய கூடாரத்தைத் தம் ஊசியாலேயே உருவாக்கினார். மெல்லிய பட்டுத்துணி, பொருத்திக் கழற்றத்தக்க மூங்கிற்கோல்கள் ஆகியவை அவருடைய கருவிகள். அவற்றோடு அயர்லாந்தின் கொனமாரா பகுதியிலே சுற்றிய அனுபவத்தை 1898இல் நூலாக எழுதினார். சைக்கிளோடு பாசறை அமைப்போர் சங்கம் 1901ஆம் ஆண்டில் அவரது முயற்சியாலேயே தோன்றியது. விடுமுறை நாளில் தொழிலாளியும் எழுதுவினைஞனும் கூடத் தன் வீட்டைத் தானே சுமந்து செல்லலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வேரூன்றியது.

இனி, பாரத்தைப் பற்றிய கணக்கின் மறுபக்கத்தைப் பார்ப்போம்.

1911ஆம் ஆண்டு யூன் 27ஆம் நாள். தென்துருவக் கண்டத்தில் நடுக்குளிர்காலம், பகலிலும் இருள். கப்டன் ஸ்கொட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செரி-கறாட் என்னும் மூவர், எம்பரர் பென்குயின் பறவையின் முட்டைகளைத் தேடிக் கேப் குறோசியர் என்ற முனையை நோக்கிப் புறப்பட்டனர். வழியிலே வெப்பநிலை பரன்ஹைற் அளவில் பூச்சியத்துக்குக் கீழே 77 பாகை வரை இறங்கியது. முனையை அடைந்ததும் கற்களை அடுக்கிச் சுவரெழுப்பி, கித்தான் துணியைக் கூரையாக இழுத்துக் கட்டினர். அதன் அருகிலேயே கூடாரத்தையும் நிறுத்தினர்.

யூலை 22ஆம் நாள் பெரும் புயல் எழுந்தது. கூடாரம் நின்ற இடம் வெறுமையாயிற்று. மறுநாள் கற்குடிலின் கித்தான் கூரையும் துண்டு துண்டாகக் கிழிந்து பறந்தது. மூவரும் உறக்கப் பைகளுக்குள்ளே கிடந்தனர். பனி அவர்களை மூடியது. கூடாரம் இல்லாமல் அந்தக் குளிரில் திரும்பிச் செல்வது இயலாத காரியம் என்பது மூவருக்கும் தெரியும். ஒருவரும் அதை உரக்கச் சொல்லவில்லை. புயல் சற்று ஓய்ந்தபின் இருளிலே தேடிச் சென்றனர். ஏறத்தாழ அரை மைல் தொலைவில், மலைச்சரிவின் அடியிலே, மடக்கிய குடை போலக் கூடாரம் கிடந்தது! கோல்களும் துணியும் பெரிதும் கெடவில்லை. அதனை எடுத்துக்கொண்டு, மூன்று முட்டைகளோடு, ஓகஸ்ற் முதலாம் நாள் அவர்கள் பாசறையை அடைந்தனர்.

அந்தக் கூடாரம் கனமான கோல்களையும் தடித்த துணியையும் உடையது. சில இறாத்தல்களை மிச்சப்படுத்தும் பொருட்டு நொய்ந்த துணியால் அதனைத் தைத்திருந்தால், திரும்பக் கிடைத்தது கந்தலாகவே இருந்திருக்கும். ஆயினும் கனமே முழுக் காப்பு அன்று என்பதற்கும் அதே குழுவின் கதை சான்றாகின்றது. துருவத்திலிருந்து மீளும் வழியில், 1912 மார்ச்சு மாத இறுதியில், ஸ்கொட்டும் வில்சனும் பவர்சும் தங்கள் கூடாரத்துக்குள்ளேயே உயிர்நீத்தனர். அடுத்த உணவுக் கிடங்கு 11 மைல் தொலைவில் இருந்தது. நவம்பர் 12ஆம் நாள் அவர்களைத் தேடிச் சென்று கண்டவர்களுள் செரி-கறாட்டும் ஒருவர். கூடாரம் அப்போதும் நின்றுகொண்டிருந்தது. அது காற்றைத் தடுத்தது. பசியையும் களைப்பையும் அதனாலே தடுக்க முடியவில்லை.

இரண்டாம் உலகப் போரின்பின் துணியின் இயல்பே மாறியது. அமெரிக்காவின் டியூபொன்ட் நிறுவனம் 1938ஆம் ஆண்டில் அறிவித்த நைலோன், போர்க்காலத்தில் பரசூட்டாகிப் பின்னர் கூடாரமாயிற்று. பருத்தி நனைந்தால் நூல் பருத்துக் கண்கள் அடைபடும். அதனால் மழை உட்புகாது. ஆனால் நனைந்த பருத்தி பெரும் பாரமாகிவிடும். நைலோன் மெல்லியது, வலியது, மிகச் சிறிதளவே நீரை உறிஞ்சுவது. குறிப்பிட்ட இடைவெளிகளில் தடித்த நூல்களைக் கட்டமிட்டு நெய்வதனால், ஓரிடத்தில் கிழிந்தாலும் கிழிசல் மேலே பரவாது.

1953ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் இரவு, ஹிலாரியும் தேன்சிங்கும் எவறெஸ்ட் மலையில் 27,900 அடி உயரத்தில் தங்கிய சிறு கூடாரம், பருத்தியும் நைலோனும் கலந்து நெய்தது. அந்த உயரத்தில் முளையடிக்க வழியில்லாததால், கயிறுகளை ஒட்சிசன் உருளைகளில் கட்டிப் பனியிலே புதைத்தனர். கையில் உள்ள பொருளே மீண்டும் வீட்டுக்குத் துணையாயிற்று.

புதிய துணி ஒரு புதிய தொல்லையையும் கொணர்ந்தது. நீர் புகாதபடி பூச்சுப் பூசினால், உள்ளே உறங்குபவனின் மூச்சில் உள்ள ஈரமும் வெளியேறாது. குளிர்ந்த துணியிலே படிந்து, துளியாகி, அவன் மேலேயே சொட்டும். வெளியே பெய்யும் மழைக்குத் தப்பியவன் உள்ளே பெய்யும் மழையில் நனைவான்! இதற்காகவே காற்றோட்டமுள்ள உள்கூடாரமும், சற்று இடைவெளி விட்டு அதன்மேல் போர்த்த நீர்புகா மேற்கூரையும் ஆகிய இரட்டை அமைப்பு பரவியது. 1975ஆம் ஆண்டளவில், பக்மின்ஸ்டர் புல்லரின் கோளக்கூரைக் கொள்கையைத் தழுவி, வளையும் கோல்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுத் தாங்கும் கும்மட்டக் கூடாரங்கள் சந்தைக்கு வந்தன. எத்திசைக் காற்றையும் பகிர்ந்து தாங்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு.

இதற்கிடையே 1955ஆம் ஆண்டில், ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த எம்மா கேற்வூட் என்னும் 67 வயது மூதாட்டி அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியே நடந்து முடித்தார். தொலைவு 2,000 மைலுக்கு மேல். பதினொரு பிள்ளைகளைப் பெற்ற அத்தாயிடம் கூடாரமே இல்லை. தாமே தைத்த ஒரு பையும், ஒரு போர்வையும், குளியலறையிற் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரையுமே அவருடைய உடைமைகள். மிகக் குறைந்த சுமையோடு நெடுந்தூரம் நடக்கலாம் என்பதை அவர் மெய்ப்பித்தார். அவ்வழியைப் பின்னாளில் பலரும் பின்பற்றினர். பந்தயப் பாய்க்கப்பல்களுக்கென ஆக்கப்பட்ட மிக மெல்லிய துணி வகைகளும் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தன. இன்று ஒருவர் உறங்கும் கூடாரம் ஒரு கிலோகிராமுக்கும் குறைந்த நிறையில் கிடைக்கின்றது. அவற்றுட் பல, நடப்பவன் கையிலுள்ள ஊன்றுகோல்களையே தூணாகக் கொள்பவை. மம்மரியின் எண்ணம் நூறாண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது.

எனவே இன்று ஒரு கூடாரத்தைத் தேர்ந்தெடுக்க விரும்புபவர், கடையில் எழுதியுள்ள நிறையை மட்டும் பார்த்து மயங்கலாகாது. முளைகளும் கயிறும் பையும் சேர்ந்த முழு நிறை எவ்வளவு என்று கேட்க வேண்டும். போகும் இடத்தில் பெரும் எதிரி காற்றா, மழையா, புழுக்கமா என்று சிந்திக்க வேண்டும். மரமற்ற உயர்ந்த மேட்டுக்குக் குறுக்குக் கோல்கள் கொண்ட கூடாரம் தகும்; அடர்ந்த காட்டின் மறைவுக்கு எளிய ஊன்றுகோற் கூடாரமே போதும். ஈரமும் வெப்பமும் மிகுந்த நாட்டில் காற்றோட்டமே முதன்மை. மிக மெல்லிய தரைத்துணி கல்லுக்கும் முள்ளுக்கும் தாங்காது. நைலோன் நனைந்தால் தொய்வடையும். இரவில் எழுந்து கயிற்றை இறுக்க நேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்படுமுன் வீட்டு முற்றத்திலேயே ஒருமுறை இருளில் கட்டிப் பழக வேண்டும்.

இறுதியாக, கேப் குறோசியரிலிருந்து திரும்பிய அம்மூவரிடம் மீண்டும் செல்வோம். இழந்த கூடாரம் கிடைத்தபின், திரும்பும் வழியில், பவர்ஸ் உறங்கச் செல்லும்போது கூடாரத்திலிருந்து ஒரு கயிற்றை எடுத்துத் தம் உறக்கப் பையோடு பிணைத்துக்கொண்டார். இனியொருமுறை கூடாரம் பறக்குமாயின், தாமும் அதனோடு செல்வது என்பதே அவருடைய முடிவு. தோளிலே கிடக்கும்போது ஒவ்வோர் இறாத்தலையும் குறைகூறுகிறோம். நள்ளிரவில் காற்று எழும்போது, நமக்கும் வெளியிருளுக்கும் நடுவே நிற்பது அந்த ஒரு துணி மட்டுமே. தேர்ந்தெடுப்பவர் இவ்விரண்டு வேளைகளையும் ஒருங்கே நினைத்துத் தேர்ந்தெடுப்பாராக.