ஒரு ஸ்கோப், இரண்டு துப்பாக்கி

எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள மொத்த சம்பந்தம் என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளில் சுட்ட ஐந்து குண்டுகள்தான். அதில் மூன்று அட்டைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை என்பது வேறு கதை :-)

அப்படிப்பட்டவன் ரைஃபிள் ஸ்கோப்பைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் காஸ்டிங் பாடம். ஒரே இயந்திரத்தை இரண்டு டிபார்ட்மென்ட் பகிர்ந்துகொண்டால் செலவை எப்படிப் பிரிப்பது என்று ஒரு கணக்கு வருமே, அதேதான். 1930களில் அமெரிக்காவில் நிறைய பேர் அந்தக் கணக்கை நோட்டில் போடாமல் துப்பாக்கியின் மேலேயே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்து அமெரிக்கத் துப்பாக்கி ஆர்வலரிடம் இரண்டு ரைஃபிள் இருக்கும். ஒன்று போட்டிக்கு. வின்செஸ்டர் 52 மாதிரி கனமான .22 ரைஃபிள், படுத்துக்கொண்டு 50 கஜம், 100 கஜத்தில் அட்டையைச் சுடுவதற்கு. இன்னொன்று வயலுக்கு. 'வார்மின்ட்' என்று அவர்கள் சொல்வது பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் கெடுக்கிற சிறு பிராணிகளை. கிழக்கு மாநிலங்களில் அது பெரும்பாலும் வுட்சக். அணில் குடும்பம்தான், ஆனால் பூனை அளவுக்குக் கொழுத்தது. வைக்கோல் புல் வளர்க்கிற நிலத்தில் வளை தோண்டிப் போட்டுவிடும். குதிரையோ மாடோ அதில் கால் வைத்தால் முறிந்தது முறிந்ததுதான். அதனால் வுட்சக் சுட வருகிறேன் என்றால் விவசாயிகள் பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ('கிரவுண்ட்ஹாக் டே' படம் பார்த்தவர்களுக்கு: அதே பிராணிதான். பென்சில்வேனியாவில் பிப்ரவரி 2 அன்று அதை மேடையேற்றி வானிலை கேட்பார்கள். கோடையில் நிலைமை வேறு!)

இரண்டு ரைஃபிள் வாங்கலாம். நல்ல ஸ்கோப் இரண்டு வாங்குவதுதான் கஷ்டம். அது பெரும் பொருளாதார மந்தக் காலம். ஸ்கோப்பும் சாதாரணப் பொருள் இல்லை. பிட்ஸ்பர்க்கில் ஸ்கோப் செய்த ஃபெக்கர் வானியல் தொலைநோக்கிகளும் செய்தவர். அவரிடம் வேலை பார்த்த ஜான் உனர்டல் என்ற ஜெர்மானியர் தனியே கடை போட்டார். கனெக்டிகட்டில் லைமன் கம்பெனி 'டார்கெட்ஸ்பாட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எல்லாமே ஏறத்தாழ இரண்டடி நீளமுள்ள ஒல்லிக் குழாய்கள். அதனால் ஒரு ஸ்கோப்பை வாங்கி, சனிக்கிழமை போட்டி ரைஃபிளிலும் ஞாயிற்றுக்கிழமை வயல் ரைஃபிளிலும் மாட்டிக்கொள்வது என்று பலர் முடிவு செய்தார்கள்.

இதற்கு வழி செய்தது 'பிளாக்' எனப்படும் சின்ன இரும்புத் துண்டு. ரைஃபிளின் குழல் மீது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பிளாக்குகளைத் திருகி நிரந்தரமாக வைத்துவிடுவார்கள். ஸ்கோப்பின் தாங்கிகள் அதன்மேல் சறுக்கி உட்காரும். பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் இருக்கும். தாங்கியின் கைத்திருகு முனை அதில் போய் விழுந்தால் ஸ்கோப் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது என்று அர்த்தம். கழற்றி மாட்ட ஸ்பேனர்கூட வேண்டாம், விரல் போதும்.

இப்போதைய ஸ்கோப்பில் குறியைத் திருத்தும் அமைப்பு குழாய்க்குள்ளேயே இருக்கிறது. அன்றைக்கு அது வெளியே, பின்புறத் தாங்கியில் இரண்டு மைக்ரோமீட்டர் திருகாக இருந்தது. திருகைத் திருப்பினால் குழாயே லேசாக நகரும். ஒரு 'கிளிக்'குக்கு ஓர் அங்குலத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு பிளாக்குக்கும் நடுவே வழக்கமான இடைவெளி 7.2 அங்குலம். அது என்ன 7.2 என்று முதலில் எனக்குப் புரியவில்லை. கால்குலேட்டரை எடுத்தேன். 100 கஜம் என்றால் 3,600 அங்குலம். அதை 7.2-ஆல் வகுத்தால் சரியாக 500. அதாவது பின்பக்கம் குழாய் நகர்கிற தூரம் இலக்கில் 500 மடங்காகிறது. ஒரு கிளிக்குக்குச் சரியாகக் கால் அங்குலம்! மனக்கணக்கில் போட வசதியாக இருக்கட்டும் என்றே யாரோ இடைவெளியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இன்னொரு ரைஃபிளில் பிளாக்குகளை 6 அங்குலத்தில் வைத்துவிட்டால் அதே கிளிக் 0.3 அங்குலம் ஆகிவிடும். ஸ்கோப் அதேதான், கணக்கு மட்டும் வேறு. பகிர்ந்துகொள்கிறவன் இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஞாபகம் எதற்கு, நோட்டுப் புத்தகம் இருக்கிறதே. மைக்ரோமீட்டரில் எண்கள் பொறித்திருக்கும். போட்டி ரைஃபிளுக்கு 50 கஜத்தில் இந்த எண், 100 கஜத்தில் இந்த எண். (.22 குண்டு மெதுவானது. 50 கஜத்துக்குச் சரிசெய்த ரைஃபிள் 100 கஜத்தில் ஆறேழு அங்குலம் கீழே அடிக்கும், ஏறத்தாழ 25 கிளிக் வித்தியாசம்.) வயல் ரைஃபிளுக்கு வேறு எண். மாற்றி மாட்டும்போது எண்ணையும் மாற்றி வைத்தால் போதும்.

காகிதத்தில் எல்லாம் சரி. சிக்கல் எங்கே என்றால், ஸ்கோப் வயலிலிருந்து மைதானத்துக்கு வருவதும் மைதானத்திலிருந்து வயலுக்குப் போவதும் ஒன்றல்ல. படுத்துச் சுடும் போட்டியில் கணக்கில் சேராத ஒத்திகைக் குண்டுகளுக்கு அனுமதி உண்டு. ஸ்கோப்பை மாட்டியதில் இரண்டு கிளிக் பிசகியிருந்தால் முதல் ஒத்திகைக் குண்டிலேயே தெரிந்துவிடும், திருகிவிட்டு ஆட்டத்துக்குப் போகலாம். வயலில் ஒத்திகை கிடையாது. முதல் குண்டுதான் கணக்கு. 200 கஜத்தில் வுட்சக் எழுந்து நின்று பார்க்கிறது. போட்டி எண்ணை மாற்ற மறந்துவிட்டீர்கள், அல்லது திருகு பள்ளத்தில் சரியாக விழவில்லை. குண்டு முழுசாகத் தவறினால் பரவாயில்லை. பாதி தவறினால் அது அடிபட்டு வளைக்குள் போய்விடும், எடுக்கவும் முடியாது. அட்டையில் போனது ஒரு பாயின்ட். இங்கே மண்ணுக்கடியில் ஓர் உயிர் மணிக்கணக்கில் கிடந்து சாகும். 'மாட்டின உடனே வேட்டைக்குப் போகாதே, முதலில் ஒரு காகிதத்தைச் சுட்டுப் பார்' என்பது எரிச்சலூட்டும் வேலையாக இருந்திருக்கும். அதைச் செய்யாதவன் மிச்சம் பிடித்தது இரண்டு குண்டின் விலை. அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

கண்ணாடி விஷயத்திலும் இரண்டு வேலைக்கும் ஒத்துப்போகாது. அட்டைக்கு 20 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் அருமை. முடிபோல மெல்லிய குறுக்குக்கோடும் அருமை. ஆனால் வுட்சக் மேய வருவது காலையிலும் அந்தி நேரத்திலும். முன் லென்ஸ் 32 மில்லிமீட்டர் என்றால் 20 மடங்கில் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 1.6 மில்லிமீட்டர்தான். மங்கிய புல்வெளியில் மெல்லிய கோடு காணாமலே போகும். 10 மடங்கில் அதே கற்றை இரட்டிப்பு. ஆகவே பகிர்கிறவர்கள் 10, 12 என்று நடுவில் நின்றார்கள், இரண்டு பக்கமும் கொஞ்சம் நஷ்டப்பட்டு. இது போதாதென்று, சுட்ட அதிர்ச்சியில் ஸ்கோப் முன்னால் சறுக்கிவிடும். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் கையால் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

குண்டுகளும் மாறிக்கொண்டிருந்தன. 1930-ல் .22 ஹார்னெட், 1935-ல் வினாடிக்கு 4,000 அடிக்கும் மேல் பறக்கிற .220 ஸ்விஃப்ட். வேகம் கூடக்கூட குண்டு விழுவது குறையும், வயலில் திருகைத் தொட வேண்டிய அவசியமும் குறையும். 1950-ல் ரெமிங்டன் .222 வந்தது. அதை உருவாக்கிய மைக் வாக்கர் மேசையில் வைத்துச் சுடும் 'பெஞ்ச்ரெஸ்ட்' போட்டிக்காரரும்கூட. அதே குண்டு வயலுக்கும் ஆயிற்று, மேசைக்கும் ஆயிற்று. ஸ்கோப்பை மாற்றுவானேன், ரைஃபிளையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாமே!

பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் 'லைட் வார்மின்ட்' என்று ஒரு பிரிவு உண்டு. ஸ்கோப்போடு சேர்த்து ரைஃபிள் பத்தரை பவுண்டுக்குள் இருக்க வேண்டும். வேட்டைத் துப்பாக்கிக்கு வைத்த பெயர்தான். இன்று அந்தப் பிரிவில் வருகிற ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு யாரும் புல்வெளிக்குப் போகமாட்டார்கள், முழுக்க முழுக்க மேசைக்கே செய்தது. எடைக் கட்டுப்பாடு வந்ததும் அந்தக் கனத்த நீளக் குழாய்கள் பாரமாகிவிட்டன. உள்ளேயே திருத்தம் செய்யும் இலேசான ஸ்கோப்புகள் இடத்தைப் பிடித்தன.

பழைய துப்பாக்கிச் சந்தையில் மட்டும் இந்தக் கதையின் அடையாளம் இன்னும் இருக்கிறது. பழைய வயல் ரைஃபிள் ஒன்றின் குழலில், தொழிற்சாலை போடாத சின்னத் திருகு ஓட்டைகள் இருக்கும். என்றைக்கோ பிளாக் வைக்கத் துளைத்தவை. சேகரிப்பாளர்கள் அதை எண்ணிப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்துக் கேட்பார்கள்.